ஆறடிப் பத்தங்குலத்துக்கு ஒரு அழைப்பு

மூன்று நாளாக ஆர்லன் டீட்ஸ் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. கழிவறைக்கும் அது கூடவே போய் வந்தது. அவர் வேலை பார்க்கும் டிராக்டர் உதிரிபாகக் கடையில் ஒரு விவசாயி வந்து பெல்ட் கேட்டார். பெல்ட்டை இறக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால், போனைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறினார்.

போன்தான் அடித்தபாடில்லை.

"இன்னும் கூப்பிடலியா?" மார்னி பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் கிண்ணத்தையும் சினமன் ரோலையும் புருஷன் முன்னால் வைத்தாள்.

"கூப்பிடுவாங்க. பெரிய காலேஜ்னா நாலு பேரு உக்காந்து பேசித்தான் முடிவெடுப்பாங்க. நீ பதறாதே."

"நானா பதறுறேன்? போனை சார்ஜர்ல சொருகி, சார்ஜரையும் கையில பிடிச்சுக்கிட்டு சாப்பிடுறது யாரு?"

அவர்கள் மகன் கோல்பி ஆறடிப் பத்தங்குலம். ஹார்லின் ஸ்டேட் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் மூன்று வருஷமாக இருக்கிறான். இருக்கிறான் என்றால் பெஞ்சில் இருக்கிறான். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகோ, வெற்றி கைக்கு வந்த பிறகோ, ஜனங்கள் கார் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில் அவனை உள்ளே அனுப்புவார்கள். அதற்காக அவன் வருத்தப்பட்டதே இல்லை. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தான். சாப்பாடு, அறை, படிப்பு எல்லாம் கல்லூரிச் செலவு. இன்னும் ஒரு வருஷம் போனால் பட்டம்.

"எனக்கு பெஞ்சு பிடிச்சிருக்குப்பா. அங்கேருந்து ஆட்டம் நல்லாத் தெரியுது" என்பான்.

ஆர்லனுக்கு வயிறு எரியும். மகனுடைய எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று வருஷம் கேலரியில் உட்கார்ந்து, மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர்.

பிப்ரவரிக் கடைசியில் அந்த அழைப்பு வந்தது. வழுக்கிக்கொண்டு போகும் குரல்.

"கோல்பியோட அப்பாங்களா? என் பேரைக் கேக்காதீங்க."

"எந்தக் காலேஜுங்க?"

"சொன்னா என் வேலை போயிடும். பட்டியல்ல பேரு ஏறாத பையன்கிட்ட நாங்க பேசக்கூடாது, உங்களுக்குத் தெரியாததா?"

ஆர்லனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் பால்காரனுக்கும் தெரியும். கல்லூரி மாற நினைக்கும் விளையாட்டுக்காரப் பையன் முதலில் மாற்றப் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு கல்லூரி ஆள் வாய் திறந்தால் குற்றம். அதனால் எல்லாரும் பெயர் சொல்லாமல் வாய் திறப்பார்கள். பெயர் சொல்லாததே ஆர்லனுக்குப் பெரிய அத்தாட்சியாகப் போயிற்று. சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய இடம்!

"டிவியில காட்டுற காலேஜா? அதையாவது சொல்லுங்க."

"நீங்க சனிக்கிழமை சோபாவுல சாஞ்சுக்கிட்டு பாக்குற காலேஜ். முதல்ல பேரு ஏறட்டும். அப்புறம் பாருங்க, போனைக் கீழ வைக்க விடமாட்டோம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் ஐயா. ஆண்டவன் ஒரு பிள்ளையை இவ்வளவு உசரமாப் படைச்சது, பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்கா?"

ஆர்லன் கண் கலங்கிவிட்டார். மூன்று வருஷமாக அவர் நெஞ்சுக்குள் கிடந்த கேள்வியை முன்பின் தெரியாத ஒருவன் எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் பேச்சை ஆரம்பித்தார்.

"நான் படிச்ச நர்சிங் பாடத்தை அங்க ஒத்துக்குவாங்களாப்பா?"

"உன் உசரத்துக்கு எல்லாத்தையும் ஒத்துக்குவாங்க."

மார்னி குறுக்கே வந்தாள். "பேரு குடுத்தா ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம்னு விதியில எழுதியிருக்கே?"

"நிறுத்தலாம்னுதான் எழுதியிருக்கு. நிறுத்துவோம்னா எழுதியிருக்கு?"

"ஆர்லன், கையில இருக்குறதை விட்டுட்டு பறக்குறதைப் பிடிக்கப் போகாதே."

"இவனும் உன்னை மாதிரியே பயந்துக்கிட்டு கிடக்கணுமா?"

கோல்பிக்கு அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. குனிந்து கேட்பதே பழக்கம். அவன் உயரத்துக்கு எல்லாரிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை கோச் ஹாலரிடம் போய்ச் சொன்னான். கோச் அவனைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு உயரத்தில் முகம் புதைத்து அழுதாராம். "நீ எனக்குப் பிள்ளை மாதிரிடா. கதவு எப்பவும் திறந்தே இருக்கும்" என்றாராம். பிறகு கண்ணைத் துடைத்த அதே கையால் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாராம்.

மறுநாள் காலை உள்ளூர் வானொலியில் கோச் பொங்கினார். "இந்தத் தலைமுறைக்கு விசுவாசம்னா என்னன்னே தெரியல. இஷ்டத்துக்குப் போங்கடான்னு கதவைத் திறந்துவிட்டாங்க, எல்லாம் ஓடுது. விளையாட்டே நாசமாப் போச்சு!"

கோச் ஹாலருக்கு ஹார்லின் நாலாவது கல்லூரி. முந்தின மூன்றையும் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே விட்டுவிட்டு வந்தவர். கோச்சுகளுக்குப் பட்டியல் கிடையாது. அவர்களுக்கு அடுத்த கல்லூரி விமானமே அனுப்பும்.

போன் அடிக்காத ஒரு வாரம் ஓடியது. அந்த எண்ணுக்கு ஆர்லன் கூப்பிட்டுப் பார்த்தார். அது உபயோகத்தில் இல்லையாம்.

"நம்ம பையன் பட்டியல்ல இருக்குறது அவங்களுக்குத் தெரியல போலிருக்கு" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, மகன் பெயரில் ஃபேஸ்புக்கில் ஒரு விடைபெறும் அறிக்கை எழுதினார். எல்லாப் பையன்களும் எழுதுவதுதான். முதலில் கடவுளுக்கு நன்றி, பிறகு பெற்றோருக்கு, பிறகு கனத்த இதயம். அத்தோடு விட்டிருக்கலாம். தன் கைவண்ணமாக ஒரு வரி சேர்த்தார்: "உயரமானவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஹார்லினில் யாருக்கும் தெரியவில்லை."

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் ஒருவரும் அவரிடம் சாமான் கேட்கவில்லை. பக்கத்துக் கவுன்டரில் வரிசை நின்றது.

"உன் பையன் காலை முறிச்சுக்கிட்டுக் கிடந்தப்போ சர்ச்சுல பேன்கேக் சுட்டு வித்து ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடுத்தோம்" என்றார் பெல்ட் வாங்கிய விவசாயி. "எங்களுக்கு ஒண்ணும் தெரியலதான்."

"அது எங்க மாப்பிள்ளை எழுதினது..." என்று உளறினார் ஆர்லன். அவருக்கு மகளே கிடையாது என்பது அந்த ஊருக்கே தெரியும்.

சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்று முடிவு செய்து, மகன் ஆடிய ஆட்டங்களை வெட்டி ஒட்டி ஒரு வீடியோ தயாரித்தார். மூன்று வருஷ ஆட்டத்தையும் சேர்த்தால் ஒரு பாட்டு நீளத்துக்குக்கூட வரவில்லை. அதனால் ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ண ஆடும் காட்சிகளையும் சேர்த்தார். கோல்பி தாவினான், திரும்பினான், பந்தைக் கூடைக்குள் அறைந்தான். கேட்டவர், தடுத்தவர் யாருமில்லை. முதல் கருத்து உடனே வந்தது: "அபாரம்! எதிரணிப் பையன்கள் எல்லாம் லீவா?"

அந்த வீடியோ மாநிலம் முழுக்கச் சுற்றியது. ஒமாஹாவில் ஒரு வானொலிக்காரர் அதை வைத்து ஒரு காலைப் பொழுதையே ஓட்டினார்.

கல்லூரி வளாகத்தில் கோல்பியைப் பார்த்தால் பையன்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். தடுக்க ஆளில்லாத வீரனாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் சொன்னான். மார்னி சிரிக்கவில்லை.

ஆர்லன் ஓய்ந்தாரா? ஏஜென்ட் வேஷம் போட்டார். கார்க் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, கல்லூரி கல்லூரியாகப் போன் போட்டார். "கோல்பி டீட்ஸ் சார்பா பேசுறேன். ஆறு காலேஜ் போட்டி போடுது. நீங்க சீக்கிரம் முடிவெடுக்கணும்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். அந்த ஆறுல ஒண்ணு எடுத்துக்கட்டும்" என்று எல்லாரும் ஒரே மாதிரி வைத்துவிட்டார்கள்.

அடுத்த வார இறுதியில் கோல்பி வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் குனிந்து நின்றான்.

"அப்பா, தெற்கு டகோட்டாவுல ஒரு சின்ன காலேஜ் இருக்கு. நர்சிங் இருக்கு. என் பாடம் எல்லாத்தையும் ஒத்துக்கிறோம்னாங்க. ஸ்காலர்ஷிப்பும் தர்றதா இருந்தாங்க."

"ஆகா! பாத்தியா மார்னி?"

"நேத்து அவங்க கோச் போன் பண்ணினாரு. 'ஆறு பெரிய இடம் உனக்காகக் காத்திருக்குதாமே, நாங்க எந்த மூலைக்கு? நல்லா இரு தம்பி'ன்னு சொல்லிட்டு வேற பையனை எடுத்துக்கிட்டாரு." கோல்பி குரலை உயர்த்தவில்லை. "யாருப்பா அந்த ஆறு?"

ஆர்லன் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்றுமில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான்" என்று நம்மூரில் சொல்வோம். அந்த ஊரில் அதற்குச் சமமான பார்வை ஒன்று உண்டு. மார்னி அவரை அந்தப் பார்வை பார்த்தாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஆர்லன் கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் பொதுவாக வைத்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டு கோச் ஹாலரைப் பார்க்கப் போனார். கோச்சின் அறைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தது.

"கதவு எப்பவும் திறந்திருக்கும்னு சொன்னீங்களே கோச்."

"திறந்துதான் இருக்கு ஆர்லன். உள்ள இடம்தான் இல்ல."

"அவன் விளையாடவே வேணாம். பெஞ்சுலகூட வேணாம். துண்டு மடிச்சு வைக்கிறான், தண்ணி எடுத்துக் குடுக்கிறான். ஒரே ஒரு வருஷம். அந்தப் படிப்பை மட்டும் முடிக்க விடுங்க. அவன் மேல தப்பில்ல. நான்தான் முட்டாள்."

ஏஜென்ட்டின் தடித்த குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

கோச் எழுந்து வந்து தோளில் கை போட்டார். "எனக்கு மட்டும் வருத்தமில்லையா? ராத்தூக்கம் இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நாங்களா அவனை அனுப்பியிருந்தா, பட்டம் வாங்குற வரைக்கும் படிப்புச் செலவு எங்க தலையில. அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அவனாப் போனான். என்னால என்ன செய்ய முடியும்? பசங்களுக்கு சுதந்திரம் வேணும், சுதந்திரம் வேணும்னு எல்லாரும் கத்தினீங்க. கிடைச்சிருச்சு."

கட்டிப்பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார். கதவு திறந்தே இருந்தது.

மே மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கோல்பிக்கு ஜூன் முதல் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை கிடைத்திருந்தது. "நர்ஸுங்க பக்கத்துலதானேப்பா இருக்கப் போறேன்" என்று அப்பாவைத் தேற்றினான். அவன் திட்டியிருந்தால் ஆர்லனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெட்டிகள் எல்லாம் காருக்குப் போன பிறகு கட்டில் மட்டும் நின்றது. கல்லூரிக் கட்டிலில் கோல்பியின் கால் முட்டிக்குக் கீழே வெளியே தொங்கும். அதனால் முதல் வருஷம் ஆர்லனே கடையில் இரும்புச் சட்டம் வெட்டி, பற்றவைத்து, கட்டிலின் கால்மாட்டில் ஒட்டுப் போட்டு நீட்டியிருந்தார். அதையாவது விடக்கூடாது என்று ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்தார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய பிஸ்கட். பின்னால் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான் ஒரு பையன். கோல்பியைவிட இரண்டு விரற்கடை உயரம்.

"மன்னிச்சுக்குங்க, சீக்கிரம் வந்துட்டோம். நான் ட்ரூடி, கான்சாஸ்லேருந்து வர்றோம். இவன் பிரென்ட். அங்க ஒரு காலேஜ்ல சும்மா உக்காந்திருந்தான், பாவம். இனிமே இங்கதான் ஆடப்போறான். எடுத்துக்குங்க, ஓட்ஸ் பிஸ்கட்."

ஆர்லனுக்கு அவர்களை வெறுக்க வேண்டும்போல இருந்தது. முடியவில்லை. பிஸ்கட் நன்றாக இருந்தது. கோல்பி அந்தப் பையனுக்கு எந்த ஜன்னல் இறுகிக்கொள்ளும், எந்தக் குழாயில் சுடுதண்ணீர் வரும் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயையோ, கட்டிலைக் கழட்டாதீங்க!" ட்ரூடி பதறிப்போய் ஆர்லன் கையைப் பிடித்தாள். "இவனுக்காகவே நீளமாப் போட்டு வெச்சிருக்காங்க."

"இவனுக்காகவா? இவன் வரப்போறது யாருக்குத் தெரியும்?"

"தெரியாம என்ன? 'நீளக் கட்டில் ஒண்ணு இருக்கு, மே மாசம் தானாக் காலியாயிடும்'னு கோச் ஹாலரோட மச்சான் ஜனவரியிலயே போன்ல சொல்லிட்டாரே! பேரைக்கூட இங்க வந்தப்புறம்தான் சொன்னாரு, தங்கமான மனுஷன். 'ஆண்டவன் ஒரு பிள்ளையை இவ்வளவு உசரமாப் படைச்சது, பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்கா'ன்னு ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க, நான் அழுதே போயிட்டேன்!"