அந்தத் தைலம் உங்களுக்கு அனுப்பியதல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுதுவது. (கூப்பின கையால எப்படிங்க எழுதுவீங்க என்று என் மனைவி கேட்கிறாள்.) இங்கே இருவரும் நலம். அங்கே நீங்கள் அனைவரும் நலமாகத்தான் இருந்தீர்கள், போன செவ்வாய்க்கிழமை என் பார்சல்கள் வந்து சேரும்வரை. நீங்கள் போனை எடுக்காததால் கடிதம்.

நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் டிசம்பர் என்றால் நாங்கள் கொட்டாவி விடும் மாதம், இந்த வருடமோ கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க மூன்று ஷிப்டு, யாரும் கடைக்கே போவதில்லையாம், உட்கார்ந்த இடத்தில் போனைத் தடவியே எல்லாம் வாங்குகிறார்களாம், எங்கள் தெருவுக்கு மட்டும் மதியத்துக்குள் நாலு பார்சல் வண்டி. எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரே ஒரு சீப்பு வாங்கினார். நான் மடித்த பெட்டியில், கைக்குழந்தையைப் படுக்கவைக்கும் அளவுக்கு இடம் மிச்சம் வைத்து வந்து இறங்கியது. ஆடிப்போய்விட்டேன். ஊருக்கெல்லாம் பெட்டி மடிக்கிறோமே, நமக்கென்று ஒன்று வரவில்லையே என்று புத்தி போயிற்று.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் நாம் சேர்ந்து நின்றபோது போட்டோக்காரர், "சார் அப்படியே இருங்க, தாத்தா மட்டும் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க" என்றார். சார் நீங்கள். உங்களைவிட இரண்டு வயது சின்னவனான நான் தாத்தா. உங்களுக்குக் கருகருவென்று முடி, புயலடித்தாலும் ஒன்றுகூட அசையாது. எனக்கு முன்னால் தொப்பை, மேலே மைதானம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு உங்கள் வீட்டில் மறுபடி போட்டோ எடுப்பார்களே, ராத்தங்கவும் வேண்டுமே என்று மனைவிக்குத் தெரியாமல் மூன்று சாமான் ஆர்டர் போட்டேன்: தொப்பையை அமுக்கும் பெல்ட், குறட்டைக்கு மூக்கில் மாட்டும் கிளிப், முடி முளைக்கும் தைலம். எங்கே அனுப்ப என்று போன் கேட்டது. "வீடு", "அப்பா வீடு" என்று இரண்டு இருந்தன. எங்கள் அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருடமாயிற்று, அவர் வீட்டுக்கு எதற்கு என்று "வீடு" என்பதை அழுத்தினேன். விலாசங்களைப் போட்டுக் கொடுத்தவள் என் மகள். கல்யாணமாகி ஏழே மாதத்தில் அவளுக்கு வீடு என்றால் உங்கள் வீடு, இது வெறும் அப்பா வீடு. அந்த அதிர்ச்சியே எனக்கு இன்னும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அப்பா, மாமாவுக்கு பெல்ட் அனுப்புனீங்களா?"

"அது அங்கயா வந்திருக்கு?"

"பெல்ட்டைப் பாத்து சிரிச்சாருப்பா. கிளிப்பைப் பிரிச்சுட்டு அத்தை, 'நான் விடுற குறட்டை அங்க வரைக்குமா கேக்குது'ன்னாங்க, அதோட விட்டுட்டாங்க. தைலத்தைப் பாத்ததும்தான் மாமா முகமே மாறிடுச்சு. 'உங்கப்பாவுக்கு யாரு சொன்னா'ன்னு கேட்டாரு. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துனவருதான், மூணு நாளா என்கூடப் பேசல. விருந்துக்கு உங்களைக் கூப்பிட வேணாம்னு சொல்லிட்டாராம்." அதற்குமேல் அழுதுவிட்டாள்.

யார், எதை, எனக்குச் சொல்ல வேண்டும் என்று சத்தியமாக விளங்கவில்லை. காடு மாதிரி முடி வைத்திருப்பவருக்கு எவனாவது தைலம் அனுப்புவானா? என் மனைவி வேறு, "உங்க தலைக்கு எதுக்குங்க தைலம், ஈரத்துணி போதும்" என்கிறாள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், விருந்துக்கும் கூப்பிட வேண்டாம், அந்தப் பெண்ணிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுங்கள், அவள் வீடு என்று எழுதி வைத்திருப்பது உங்கள் வீட்டைத்தான். "கையால தொட்டுப் பாக்காம ஒரு பொருளை வாங்கலாமா சம்பந்தி" என்று நீங்கள் எப்போதும் சொல்வது இப்போதுதான் உறைக்கிறது. இனி ஆர்டர் போடும் பேச்சே இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பிள்ளைகள் இருவரும் நூறு வருடம் சண்டையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைக்கு மேலும் உள்ளும் ஒன்றுமில்லாத
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரம் பார்சல் வண்டி வந்தது. விலாசம் என்னுடையது, பெயர் உங்களுடையது. பெயரைக் கவனிப்பதற்குள் பிரித்துவிட்டேன். உள்ளே விக் ஒட்டும் பசை, இரண்டு டியூப். புயலுக்கும் வியர்வைக்கும் அசையாது என்று போட்டிருக்கிறது. உங்கள் போனிலும் விலாசம் போட்டுக் கொடுத்தது அவள்தானே. அந்த வீட்டுக்கு அப்பா நீங்கள், "அப்பா வீடு" என்று அழுத்தியிருக்கிறீர்கள். யார் சொன்னது என்று கேட்டீர்களே, யாரும் சொல்லவில்லை சம்பந்தி, நீங்களேதான் இப்போது சொன்னீர்கள். மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. விருந்துக்கு வருகிறேன். பசை என் சட்டைப்பையில், தைலம் உங்கள் பையில், வாசலில் கைகுலுக்கும்போது மாற்றிக்கொள்வோம். அதற்கு முன் இன்றே என் மகளிடம் கதவுக்கு உள்பக்கமிருந்தாவது நாலு வார்த்தை பேசிவிடுங்கள். பசை தீர்ந்ததற்காக எத்தனை நாள்தான் ரூமுக்குள்ளேயே இருப்பீர்கள்.