எறும்பு நுழையாத பாடி

இந்த வட்டாரத்தில் வண்டி வைத்துப் பிழைத்தவர்களில் ஏமாறாதவன் நான் ஒருவன்தான். காரணம் சுலபம். நான் யாரையும் நம்பினது கிடையாது. டீக்கடையில் டீ சொன்னால்கூட ஆற்றி முடிக்கிறவரைக்கும் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் (நுரையைக் காட்டியே ஆளைக் கவிழ்க்கிற ஊர் இது). மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்த அடைக்கலம் நாலு லாரிக்கு முதலாளி ஆனது இந்தக் குணத்தால்தான். இதே குணத்தால்தான் ஒரு நாள் அரிமளம் ரோட்டில், கொட்டுகிற மழையில், முழங்கால் அளவு வெல்லத் தண்ணீரில் நின்றேன். அந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஒரு பிக்கப் வண்டியை ஏலத்தில் எடுத்து அறந்தாங்கிக்கு ஓட்டி வந்தேன். முன்னால் டிரைவர் உட்காருகிற இடம் மட்டும் இருந்தது. பின்னால் பாடியே இல்லை. எலும்புக்கூடு மாதிரி சட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மரத்தில் பாடி கட்ட வேண்டும்.

அவசரமும் இருந்தது. திருமயத்துக்குப் பக்கத்தில் வாக்கப்பட்ட என் தங்கச்சியின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். “எங்கண்ணன் சீரு மோட்டாருல வருது” என்று தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள். நேரத்துக்கு நான் போய்ச் சேராவிட்டால், அந்த மடிக்கு இன்னொரு ஆள் தயாராக இருந்தான். என் பெரியப்பா மகன் வேலு. அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதானே? மாட்டு வண்டி வைத்திருந்தான். வாரத்துக்கு ரெண்டு தடவை என் வாசலுக்கு வந்து, “அண்ணே, வண்டி ரெடியாயிருச்சா? எதுவும் ஒத்தாசை வேணுமாண்ணே?” என்று கேட்பான். ஒரு மனுசன் எதற்கு ரெண்டு தடவை கேட்க வேண்டும்? எனக்கு அப்போதே சந்தேகம்.

பாடி கட்டுகிற ஆட்கள் புதுக்கோட்டையில் இருந்தார்கள். அவர்களிடம் நான் போகவில்லை. வண்டி போகிற ரோடெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த கிளீனர்கள். எந்தப் பலகை எங்கே இளகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? ஓடுகிற வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகக் குத்தூசியை விட்டு, மூட்டையிலிருந்து அரிசியை உருவுகிற சூரன்கள் அந்தக் காலத்தில் உண்டு என்று கேள்வி (நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கும்படியா செய்வார்கள்?).

யோசித்தேன். கடல்காரனுக்கு ரோட்டு ஆட்களைத் தெரியாது. நேரே ஜெகதாப்பட்டினம் போய், படகு கட்டுகிற காதர் ஓடாவியைப் பிடித்தேன். படகுத் தச்சரை அங்கே ஓடாவி என்பார்கள். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“மொதலாளி, நான் கட்டுறது தண்ணியில ஓடுறது. இது தரையில ஓடுறது.”

“ஓடுறதுதானே ஓய் முக்கியம்? எறும்பு நுழையக் கூடாது. அம்புட்டுத்தான்.”

“எறும்பா? காத்தே நுழையாது. பின்கதவு எம்புட்டு அகலம் வைக்க?”

“கதவே வேணாம்.”

ஓடாவி காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். “கதவு இல்லாமச் சாமானை எப்படி எறக்குவீங்க?”

“மேல வழியா. கதவு இருந்தாத்தானே எவனாவது தெறப்பான்?”

“ரொம்ப அடிபட்டுருக்கீங்க போல,” என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (வேலைக்காரன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இது பின்னால் தெரிந்துகொண்டது.)

பலகை என்னுடையது. பாதிப் பலகையை நானே அறுத்தேன், நானே ஆணி அடித்தேன். மாற்றிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் கரியால் அடையாளம் போட்டேன்; சாப்பிடும்போதுகூடப் பலகை மேலேதான் உட்கார்ந்தேன். ஓடாவி ஓரப் பலகைகளைப் படகு மாதிரியே வெளிப்பக்கமாகச் சாய்த்து உயரமாக வைத்தார். இடுக்கிலெல்லாம் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “இனிமே ஒரு சொட்டு எறங்காது மொதலாளி,” என்றார். எனக்கு அரிசி ஞாபகம். அவர் தண்ணீரைச் சொன்னார் என்பது உறைக்கவே இல்லை.

காதுகுத்து அன்றைக்கு விடியும்போதே கிளம்பினோம். பின்னால் அரிசி மூட்டைகள், கூடை கூடையாக அச்சுவெல்லம், தேங்காய், வாழைத்தார், பித்தளைக் குடங்கள், ஒரு கிடாய். தோடும் பிள்ளையின் பட்டுப்பாவாடையும் முன்னால் என் வீட்டுக்காரி செல்லம்மாள் மடியில்.

“ஏங்க, வானம் இருட்டிக்கிட்டு நிக்கிது. தார்ப்பாய் போடலையா?”

“போட்டா அதுக்குள்ள எவனாவது ஒளிஞ்சுக்கிருவான்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பாதி வழியில் மழை பிடித்தது. மழை என்றால் ஐப்பசி மழை. அரிமளம் தாண்டியதும் வண்டி முக்க ஆரம்பித்தது. மேடு வந்தால் மூக்கைத் தூக்கியது. பள்ளம் வந்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளின மாதிரி ஓடியது. பின்னால் எவனோ ஏறிவிட்டான் என்று தெரிந்துபோயிற்று. நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தேன். ஆள் இல்லை. பெட்ரோலில் வேலு எதையாவது கலந்திருப்பானோ என்று மோந்து பார்த்தேன். சக்கரத்தில் எவனாவது கல்லைக் கட்டியிருக்கிறானா என்றும் பார்த்தேன். மேலே மட்டும் பார்க்கவில்லை.

செல்லம்மாள்தான் சக்கரத்தில் காலை வைத்து ஏறி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க… தேங்கா நீந்துது.”

ஏறிப் பார்த்தேன். அரிசி மூட்டையின் உச்சியில் நாலு காலையும் சேர்த்துவைத்துக்கொண்டு கிடாய் நின்றது. சுற்றிலும் குளம். வெல்லக் கூடை இருந்த இடத்தில் கூடை மட்டும் இருந்தது. வெல்லம் கரைந்து தண்ணீர் பழுப்பாகிவிட்டது. முழங்கால் அளவு இருக்கும் (கணுக்கால்தான் என்பாள் செல்லம்மாள். அவள் கரையில் நின்றவள்).

“ஒரு பலகையைப் பேத்து விடுங்க, தண்ணி போயிரட்டும்,” என்றாள்.

“இன்னிக்கு ஓட்டை போட்டா நாளைக்கு அது வழியாக் குத்தூசி வரும்.”

“குத்தூசி வரட்டும். இப்ப எம்மக காதுல ஊசி ஏறணும்ல?” தங்கச்சி மகளை அவள் தன் மகள் என்றுதான் சொல்லுவாள்.

இறங்கிவந்தேன். ஆனால் சுத்தியல், கடப்பாரை எல்லாம் கருவிப் பெட்டிக்குள். பெட்டியில் பூட்டு.

“சாவி எங்க?”

“எவனும் எடுத்துரக் கூடாதுன்னு அரிசி மூட்டைக்குள்ள போட்டுவச்சேன்.”

“எந்த மூட்டை?”

நான் கிடாயைப் பார்த்தேன். கிடாய் என்னைப் பார்த்தது. எந்த மூட்டை என்று அதற்கும் தெரியவில்லை.

பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே குதித்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து, அத்தனை பெரிய ரோட்டில், மணி குலுங்க ஒரு கூண்டு வண்டி வந்தது. வேலு! முதல் நாளே கிளம்பி அரிமளத்தில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தானாம்.

“என்னண்ணே, நடு ரோட்டுல குளிக்கிறீங்க?”

நான் இன்னொரு குடம் மொண்டு ஊற்றினேன்.

“சீரை என் வண்டியில மாத்துங்கண்ணே, நேரத்துக்குக் கொண்டு சேத்துருவோம்.”

“மாத்துனா அது ஒன் சீராயிரும். போடா!”

அவன் வண்டியை நன்றாகப் பார்த்தேன். மூங்கிலைப் பிளந்து பரப்பின தரை. இடுக்கு இடுக்காக எத்தனை ஓட்டை! விழுந்த தண்ணீரெல்லாம் ஒழுகிப்போய், வேலு கூண்டுக்குள் காய்ந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

செல்லம்மாள் தோட்டையும் பாவாடையையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். “நீங்க இங்கிட்டு நின்னு காவல் பாருங்க. நான் போறேன். ஊசி குத்துறப்ப தோடாவது அங்க இருக்கட்டும்.” வேலுவின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கட்டின பெண்டாட்டி!

வண்டி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோடும் போயிற்று, நேரமும் போய்க்கொண்டிருந்தது. என் தங்கச்சி மகள் வேலு மடியில் உட்காரப்போகிறாள். அதற்குப் பிறகு நாலு லாரி வாங்கினால்தான் என்ன, நாற்பது வாங்கினால்தான் என்ன? பேய் பிடித்தவன் மாதிரி மொண்டு ஊற்றினேன். மழையும் விட்டது. பாதிக் குளத்தோடு வண்டியைக் கிளப்பினேன். திருமயம் கோட்டை தெரிகிறபோது சுள்ளென்று வெயில் அடித்தது. உடம்பிலிருந்த தண்ணீர் காய்ந்தது, வெல்லம் காயவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பந்தல் முன்னால் நிறுத்தினேன். காது குத்துகிற பத்தர் ஊசியும் கையுமாக நின்றார். மணையில் யாரும் இல்லை. வேலு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். தங்கச்சி புருசன் அவன் பின்னாலேயே ஓடினான்.

“மச்சான், நேரம் முடியப்போகுது, நீங்களே உக்காருங்க!”

“எங்கண்ணன் வராம நான் உக்காந்தேன்னா, அவரு ஆயுசுக்கும் என்னையச் சந்தேகப்படுவாரு மாப்ள. என்னால முடியாது.”

என்னைக் கண்டதும் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் திணித்தான். மூன்று ஊர் ஈயும் என் கூடவே பந்தலுக்குள் வந்திருந்தது. பிள்ளை முதலில் வீல் என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாய் என் முழங்கையில் பட்டது. ஒரு தடவை நக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி நக்கினாள். பத்தர் ஒரு காதைக் குத்தினார். நக்கிக்கொண்டிருந்தாள். மறு காதைக் குத்தினார். நக்கிக்கொண்டேதான் இருந்தாள். ஒரு பொட்டு அழுகை இல்லை. எழுந்திருக்கச் சொன்னபோதுதான் அழுதாள். பட்டுப்பாவாடை என் வேட்டியோடு ஒட்டிப்போயிருந்தது.

சீரை இறக்க முடியவில்லை. கதவுதான் கிடையாதே! கிடாயை நாலு பேர் ஓரப்பலகைக்கு மேலே தூக்கி எடுத்தார்கள். அந்த அரிசியையும் தண்ணீரையும் அப்படியே அள்ளி அண்டாவில் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். சாவி யார் இலையிலோ விழுந்தது. பாடியைத் தங்கச்சி வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன். வெகுகாலம் அது மாட்டுத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. ஓடாவி சொன்ன மாதிரி ஒரு சொட்டு இறங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். காதுகுத்தப்போகிற பிள்ளை மணையில் ஏறுமுன் தாய்மாமன் முழங்கையில் வெல்லப் பாகு தடவுவார்கள். வெளியூர்ச் சம்பந்திகள் கேட்டால் குலதெய்வத்து உத்தரவு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். போன மாதம் அந்தத் தங்கச்சி மகளுடைய பேத்திக்குக் காதுகுத்து. பாகுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன் வேலு; பல்லெல்லாம் போய்விட்டது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

“ஒரு வாய் ருசி பாருங்கண்ணே, அப்பத்தான் ஒங்களுக்கு நிம்மதி,” என்றான்.

பார்த்தேன். நல்ல வெல்லம்தான். ஆனாலும் அன்றைக்கு அவன் அத்தனை சரியாக அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில் எப்படி வந்தான் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.