நவாப் காரைத் திருவொற்றியூரில் ஏன் ஒருவரும் வாங்கவில்லை என்பது குறித்து

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை நிதிஷ் அவர்களுக்கு,

மாமனார் டில்லிபாபு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பவானியும் சுகம். பூனாவில் நீங்களும் அம்முவும் சுகமாக இருப்பதை, அம்மு காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். உங்கள் கம்பெனி எத்தனையோ வருஷம் கழித்து மறுபடி கொண்டுவந்து, வாங்க ஆள் பிடிப்பதற்காக என்னிடம் விட்டிருக்கும் நவாப் காரும் எங்கள் வீட்டு வாசலில் சுகமாகவே நிற்கிறது. அதை அசைக்க ஆளில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

போனில் சொல்லலாம் என்றால் மீட்டிங்கில் இருக்கிறேன் மாமா என்கிறீர்கள். மேலிடத்தில் காட்ட வேண்டும், வண்டி ஏன் விற்கவில்லை என்று எழுத்தில் கொடுங்கள் என்று நீங்களே கேட்டதால் எழுதுகிறேன். வடசென்னையில் ஒரு நவாப் விற்றால் இங்கே ஆபீஸ் திறந்து உங்களை அதில் உட்கார வைப்பார்கள், விற்காவிட்டால் உங்களைக் குர்கானுக்குத் தூக்கிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு, காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவன் எல்லாம் என் தோஸ்து, ஒன்று என்ன ஒரு டஜன் தள்ளிவிடுகிறேன் என்று மார் தட்டியவன் நான்தான், மறுக்கவில்லை. அம்மு பக்கத்துத் தெருவில் குடிவந்து, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மீன்குழம்பில் புளி ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வாள் என்கிற ஆசையில் மார் தட்டிவிட்டேன். எனக்கு வேறு என்ன ஆசை இருக்கிறது?

முதல் வாரம் கூட்டமான கூட்டம். உங்கள் விளம்பரத்தில் நினைவுகள் திரும்பி வருகின்றன என்று போட்டிருந்தீர்கள் அல்லவா, அது நிஜம்தான், எல்லாருடைய நினைவும் திரும்பி என் வாசலுக்குத்தான் வந்தது. எங்க முதலாளி கிட்ட இருந்துச்சு, பச்சைக் கலர், ஹாரனே ஒரு தினுசா இருக்கும் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுவார்கள், பேனட்டைத் தடவுவார்கள், பவானி போடும் டீயைக் குடிப்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். விலை என்ன என்று கேட்டவன் கிடையாது. அந்தக் காலத்தில் நவாப்பில் ஏறவேண்டும் என்று ஏங்கினவனுக்கெல்லாம் இப்போது முட்டி தேய்ந்துவிட்டது மாப்பிள்ளை, நீங்களோ சீட்டைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறீர்கள், உட்காரும்போது நவாப் மாதிரி உட்காருகிறார்கள், வெளியே எடுக்க இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. முட்டி நன்றாக இருக்கிற பிள்ளைகளோ, மழைத் தண்ணியில் முங்காத உயரமான வண்டிதான் வேணும், இது தாத்தா வண்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எங்க தெரு முனையில் இருக்கிற ஸ்பீட் பிரேக்கரில் வண்டியின் வயிறு தட்டி, ஒவ்வொரு தடவையும் அது போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுகிறது.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயமில்லை. உண்மையான கோளாறு என்ன என்பதைத் தண்டையார்பேட்டையில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிற ஜஹாங்கீர் பாய்தான் எனக்குப் புரிய வைத்தார். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்றார். வாடகைக்கு இல்லை பாய், சொந்தமாக வாங்க வேண்டும் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாப்புள்ள ஊர்வலத்துக்கு ஒரு நாளு எடுக்கற வண்டி இது. சொந்தமா வாங்கிகினு தெனம் தெனமா நிக்காஹ் பண்ணிக்க முடியுமா?"

யோசித்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே நவாப்பை யாரும் வாங்கினது கிடையாது. கல்யாணத்துக்கு முதல் நாள் வாடகைக்கு எடுத்து, பூ சுற்றி, கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளையைப் பின்னால் குந்தவைத்து, பேண்டு வாசித்துக்கொண்டு ஊர்வலம் விடுவார்கள், மறுநாள் காலையில் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நவாப் என்றால் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்றால் நவாப், அவ்வளவுதான் எங்க ஊர்க் கணக்கு. சரி பாய், நீங்களே வாங்கி வாடகைக்கு விடுங்களேன் என்று கேட்கலாமென்றால், வாடகைக்கு விடுகிறவனுக்கு விற்கக் கூடாது, கௌரவம் போய்விடும் என்று உங்கள் கம்பெனியே சட்டம் போட்டு வைத்திருக்கிறது.

இருந்தும் நான் விடவில்லை. மூணு படகுக்குச் சொந்தக்காரரான தாமோதரனைச் சம்மதிக்க வைத்து, எர்ணாவூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்லு என்று கூப்பிட்டேன். நல்ல காரியம் என்று பவானி பேனட்டுக்கு ரோஜா மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினாள். தாமோதரன் கோயிலுக்குப் போய்விட்டுப் பட்டு வேட்டியும் நெற்றி நிறைய சந்தனமுமாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். நானோ துறைமுகத்தில் ஆயுசு பூரா கிரேன் ஓட்டினவன், எதையும் மெதுவாக நகர்த்தித்தான் பழக்கம், போதாததற்கு எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை, வண்டி ஊர்ந்து போகிறது. எங்கேயோ கல்யாணத்துக்கு வாசித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பேண்டு செட்டுக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். மாலை இருக்கிறது, பட்டு வேட்டி இருக்கிறது, நவாப் இருக்கிறது, வாசிக்கிறதுக்கு மட்டும் ஆளில்லையே என்று இரக்கப்பட்டு, அவர்களாகவே முன்னால் வந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னாலேயே பத்துப் பையன்கள் ஆட்டம். ஒரு அம்மா ஓடிவந்து ஆரத்தி எடுத்தார். யாரோ புண்ணியவான் தாமோதரன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டான். நான் கண்ணாடியை இறக்கி இது விற்பனை சம்பந்தமானது என்று கத்துகிறேன், டிரம்பெட் சத்தத்தில் யார் காதில் விழும்? தாமோதரனாவது இறங்கி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷன் ரெண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டு வருகிறார். சொல்லேன்யா என்றால், சந்தோஷமாக் கீறானுங்க, உடு மாமு என்கிறார்.

எர்ணாவூர் வருவதற்குள் சேதி காசிமேட்டுக்குப் போய்விட்டது. ஏலக் கூடத்தில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்த அவர் சம்சாரம் செல்லம்மா, அப்படியே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, வண்டிக்குக் குறுக்கே நின்றார். பேண்டு நின்றது. ஆடினவன் அப்படியே நின்றான். புருஷனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"பொண்ணு யாருண்ணே?"

பொண்ணு இல்லைம்மா, கார் வாங்கலாமா என்று பார்க்க வந்தோம் என்றேன். கார் வாங்குறவன் எவன் கழுத்துல மாலை போட்டுகினு வருவான் என்று கேட்டார். அன்றிலிருந்து தாமோதரன் படகில்தான் படுக்கிறார். வூட்டுக்கு வெளிய நிக்கிறேன், எனக்கு நவாப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஆள வுடு என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த மற்ற படகுக்காரர்களும் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்கள், அவனவன் வீட்டிலும் சம்சாரம் இருக்கிறாள் அல்லவா.

ஆகவே மேலிடத்தில் இதையே சொல்லிவிடுங்கள். இன்ஜினில் குறை இல்லை, பெயின்டில் குறை இல்லை. பழைய வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள், அதில் உட்கார்ந்து போன வயசை யாரால் கொண்டுவர முடியும்? அதனால் எல்லாரும் வந்து பார்ப்பார்கள், ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். ஒரு லாரி அனுப்பி வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்கள் அம்முவைக் கூட்டிக்கொண்டு சந்தோஷமாகக் குர்கானுக்குக் கிளம்புங்கள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் தைரியமாக இருக்கிறோம். உங்கள் அத்தை வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான் அழுகிறாள். இப்போதெல்லாம் காபி போடுவதற்குக்கூட வெங்காயம் நறுக்குகிறாள், அவ்வளவுதான்.

வடிவுடையம்மன் உங்கள் இருவரையும் எந்த ஊரில் இருந்தாலும் கண்பார்க்கட்டும். குர்கானில் குளிர் ஜாஸ்தியாம், அம்முவுக்குத் தொண்டை கட்டும், மப்ளர் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
டில்லிபாபு.

பி.கு.: கவரை ஒட்ட எடுக்கும்போது செல்லம்மா வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் உள்ளே போகப் பார்த்தேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார், பிறகு சொன்னார்:

"இது தெருவுல நின்னுகினு இருந்தா அந்தாளு திரும்பவும் ஏறி குந்திக்கும். என் பேர்ல எழுதுண்ணே. கொண்டு போயி ஷெட்ல வுட்டுப் பூட்டி, சாவிய நான் வெச்சிக்கிறேன்."

அதெல்லாம் வேண்டாம்மா, கம்பெனி லாரியே வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பவானி என் காலை மிதித்தாள். மாப்பிள்ளை, வண்டி விற்றுப்போச்சு. மேலே எழுதினதில் ஒரு வரியையும் மேலிடத்தில் காட்டாதீங்க. சந்தோஷமா குர்கானுக்குப் போங்கன்னு எழுதினது சுத்தப் பொய், நாங்க ரெண்டு பேரும் தைரியமா இருக்கோம்னு எழுதினது அதைவிடப் பொய். பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு காலியா இருக்கு, உங்க அத்தை அதைப் பேசி முடிக்கச் செருப்புக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறாள்.