பெல்விக் ஃபெல்லோஸும் முப்பது தவளையும்

"வெயிட்லிஸ்ட்னா பாதி கிடைச்ச மாதிரி கால்வின்! உனக்கு ஏன் புரியவே மாட்டேங்குது?"

"பாதி கிடைச்சா பாதி நாள் மட்டும் போலாமா?"

மார்சி புருஷனைப் பார்த்த பார்வையில டோஸ்டர்ல இருந்த பிரெட் தானா எகிறி வெளிய வந்துச்சு.

விஷயம் என்னன்னா, பொண்ணு டெஸ்ஸா லெவன்த் படிக்கிறா. செப்டம்பர் வந்தா காலேஜ் அப்ளிகேஷன். அதுல 'படிப்பைத் தவிர வேற என்ன கிழிச்சே'ன்னு எழுத பத்துக் கட்டம் இருக்கும். நியூ ஜெர்சில அந்தப் பத்துக் கட்டத்தை ரொப்புறதுக்குன்னேதான் ஜனங்க பிள்ளை பெத்துக்குறாங்க. டெஸ்ஸாவுக்கு ஒன்பது ரொம்பியாச்சு. பத்தாவதுக்கு மார்சி குறி வெச்சது பெல்விக் ஃபெல்லோஸ். ஆறு வார சம்மர் ப்ரோக்ராம். எழுநூறு பேர் போட்டா ஒன்பது பேரைத்தான் எடுப்பாங்களாம். அதுவும் சுத்தமா ஃப்ரீ! காசு வாங்கிட்டு உள்ள விட்டா அது சும்மா கேம்ப்பு. காசு வாங்காம வெளிய தள்ளினாத்தான் காலேஜ்காரன் மதிப்பான். இது அந்த ஊர்ல தவழுற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

டெஸ்ஸாவோட ஆசை வேற. டவுன் நீச்சல் குளத்துல லைஃப்கார்டு வேலைக்கு மறுபடியும் கூப்பிட்டிருந்தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும்.

"அம்மா, எனக்கு அந்த வேலை நிஜமாவே பிடிச்சிருக்கு. போன வருஷம் ஒரு குட்டிப் பாப்பாவை இழுத்து வெளிய போட்டேன்ல?"

"உயிரைக் காப்பாத்துறதெல்லாம் எல்லாப் பிள்ளையும் பண்றதுதான்டி. அதுல உன் தனித்தன்மை எங்க இருக்கு?"

வெயிட்லிஸ்ட்ல வெச்சிருக்கோம்னு பெல்விக் அனுப்பின மெயில்ல கடைசியா ஒரு வரி. 'நீங்களா செஞ்ச ஆராய்ச்சி ஏதாவது இருந்தா எழுதுங்க.' டெஸ்ஸா நல்ல பொண்ணு, உள்ளதை எழுதினா. 'காலைல குளத்தைத் திறக்கும்போது வடிகட்டிக் கூடைல தவளைங்க மாட்டிக்கிட்டு இருக்கும். எடுத்து வெளிய விடுவேன்.'

மார்சி அதை லேசா திருத்தினா. எவ்வளவு லேசான்னா, 'நகர்ப்புற நீர்நிலைகளில் தவளைகளின் இடப்பெயர்வு: ஒரு நீண்டகால ஆய்வு.'

மறுநாள் மூணே முக்காலுக்கு பதில் வந்துருச்சு. 'அருமை. டேட்டா அனுப்புங்க.'

"டேட்டாவா?" டெஸ்ஸா தலையில கைய வெச்சுக்கிட்டா. "இது ஏப்ரல்ம்மா. குளத்துல தண்ணியே இல்ல. தவளைக்கு எங்க போறது?"

மார்சி கார் சாவியை எடுத்தா.

சாயங்காலம் கால்வின் ஆபீஸ்ல இருந்து வந்து, சட்டையைக் கழட்டி, குளிக்கலாம்னு பாத்டப் திரையை விலக்கினான். முப்பது தவளை. முப்பதும் அவனையே பார்த்துச்சு.

"மார்சீ!"

"கத்தாத! பயந்தா நடத்தை மாறிடும், டேட்டா கெட்டுடும்!"

"யாரு நடத்தை? என்னோடதா, அதுங்களோடதா?"

அதுலேர்ந்து கால்வின் ஆபீஸ் ஜிம்முக்குப் போய்க் குளிக்க ஆரம்பிச்சான். டிரெட்மில் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டான், குளியல் மட்டும். டெஸ்ஸா பாத்டப் விளிம்புல உக்காந்து எது எங்க நகருதுன்னு நோட்டுல குறிச்சா. சோப்பு டப்பாக்கும் குழாய்க்கும் நடுவுலதான் மொத்த இடப்பெயர்வும்.

டேட்டா போச்சு. மறுபடி மூணே முக்காலுக்கு மெயில். 'ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதுல தலைமைப் பண்பு எங்கே?'

"அதானே, எங்க?"ன்னு மார்சியும் கேட்டா. ஏதோ தொலைஞ்சுபோன செருப்பைத் தேடுற மாதிரி.

ரெண்டே நாள்ல தவளைத் தோழர்கள் சங்கம் பிறந்துச்சு. தலைவி டெஸ்ஸா. பொருளாளர் கால்வின், அவன்கிட்ட யாரும் கேக்கல. தெருவுல வீட்டுக்கு ரெண்டு தவளைன்னு மார்சியே கதவைத் தட்டி, ஒரு வாழைப்பழ கேக்கோட சேர்த்துக் குடுத்தா. கேக்குக்காக வாங்கினவங்கதான் ஜாஸ்தி.

இந்த அமளில வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போனதே யாருக்கும் தெரியல. திங்கக்கிழமை டெஸ்ஸா குளத்துக்கு போன் பண்ணினா. வேற ஒருத்திக்கு வேலையைக் குடுத்துட்டாங்க.

"பரவால்லடா செல்லம்," மார்சி முதுகைத் தடவினா. "பெல்விக் கிடைச்சா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"கிடைக்கலன்னா?"

மார்சி தடவுறதை நிறுத்தல.

அந்த வாரமே எதிர் வீட்டை விக்கிறதுக்காக வாங்க வந்தவங்களுக்குச் சுத்திக் காட்டினாங்க. அலமாரி, அடுப்பு, தோட்டம்னு எல்லாம் அம்சமாப் போய்க்கிட்டு இருந்துச்சு. வாங்க வந்த அம்மா சமையலறை டிராயரைத் திறந்தாங்க. ஸ்பூனுக்கு நடுவுல ரெண்டு சங்க உறுப்பினர்கள். அந்த அம்மா போட்ட கூச்சல்ல மூணு தெரு நாயி குலைச்சுது.

ஒரு மணி நேரத்துல டவுன் ஆபீஸ்ல இருந்து பிராணி பிடிக்கிற ஆபீசர் வலையும் நோட்டீஸுமா வந்து நின்னாரு.

"மேடம், லைசென்ஸ் இல்லாம இத்தன தவளை விநியோகம் பண்ணக்கூடாது."

"ஒரு நிமிஷம் சார். என் பொண்ணுகூட பேச்சுவார்த்தை நடத்துற மாதிரி நில்லுங்க. கால்வின், போட்டோ எடு!"

"பேச்சுவார்த்தையா? நான் ஃபைன் போட வந்திருக்கேன்."

"அப்படியே இருங்க, கைய மட்டும் கொஞ்சம் உயர்த்துங்க!"

'உள்ளாட்சி நிர்வாகத்துடன் சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தை'ன்னு தலைப்புப் போட்டு அந்த போட்டோவும் பெல்விக்குக்குப் போச்சு.

மூணே முக்கால். மெயில்.

'வருந்துகிறோம். இந்த வருஷம் இடம் இல்லை. உங்கள் ஆய்வில் பெற்றோர் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.'

மார்சி அதை மூணு தடவை படிச்சா. அப்புறம் மெயில் அடியில இருந்த விலாசத்தையும் படிச்சா. பக்கத்து டவுன். இருபது நிமிஷம்.

"வண்டியை எடு கால்வின்."

"வேணாம்மா, விட்டுரு," டெஸ்ஸா அம்மா கையைப் பிடிச்சா. "குளமும் போச்சு, இதுவும் போச்சு. இந்த சம்மர்ல நான் என்னதான் பண்றது?"

"அதைக் கேக்கத்தான் போறோம். ஏறு!"

வழி பூரா மார்சி ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தா. பழங்கால செங்கல் கட்டடம், கண்ணாடி போட்ட வயசான டைரக்டர், அவர் முன்னாடி எப்படிக் கண் கலங்கணும்னு எல்லாம் ரெடி.

விலாசத்துல இருந்தது சாதாரண வீடு. வாசல்ல கூடைப்பந்து வளையம். பெல் அடிச்சா ஒரு பொண்ணு திறந்தா. பதினெட்டு வயசு இருக்கும். பைஜாமா, கையில கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணம்.

"பெல்விக் ஃபெல்லோஸ் ஆபீஸ் எங்கம்மா?"

"இதுதான். ஷூவைக் கழட்டிட்டு வாங்க, அம்மா திட்டுவாங்க."

உள்ள சோபாவுல ஒரு பெரிய ஆரஞ்சுப் பூனை.

"அதுதான் பெல்விக்," பொண்ணு ஸ்பூனால காட்டினா. "பேரு கம்பீரமா இருக்குல்ல?"

மார்சி பூனையையே பார்த்தா. கால்வின்தான் கேட்டான். "டைரக்டரைப் பாக்கணுமே?"

"போன வாரம் வரைக்கும் நான்தான். இப்ப என் தங்கச்சி. டென்த் படிக்கிறா, ஸ்கூல் விட்டு வந்ததும் மெயிலெல்லாம் போட்டுட்டு ஹோம்வொர்க் பண்ணிட்டிருக்கா. கூப்பிடவா?"

"இரு இரு. இந்த ப்ரோக்ராமை நீயா நடத்துற?"

"ஆமா. 'எழுநூறு மாணவர்களை ஈர்த்த கல்வி அமைப்பின் நிறுவனர்'னு அப்ளிகேஷன்ல போட ஒண்ணு வேணும்ல சார்?"

"அப்போ அந்த ஒன்பது பேரு?"

"யாரையும் எடுக்கல. எடுத்தா பாடம் நடத்தணுமே!"

டெஸ்ஸா மொதல்ல ஒரு மாதிரி மூச்சு விட்டா, அப்புறம் சுவத்துல சாஞ்சு சிரிக்க ஆரம்பிச்சா. நிறுத்தவே முடியல. மார்சி அப்படியே பூனை பக்கத்துல உக்காந்துட்டா.

"அப்போ," மார்சி குரல் எங்கியோ கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சு, "இந்த மாதிரி சம்மர் ப்ரோக்ராமால காலேஜ்ல சீட் கிடைக்கும்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய்யா?"

பொண்ணுக்கு ரோஷம் வந்துருச்சு. ஸ்பூனைக் கிண்ணத்துல போட்டா.

"பொய்னு யாரு சொன்னா மேடம்? எனக்குக் கிடைச்சிருச்சே!"

சரி, இப்ப நீங்க சொல்லுங்க, சம்மர் ப்ரோக்ராம் உதவுதா இல்லையா?