டபுள் கிளட்ச் மாமாவும் பிரிக்காத கியர்பாக்ஸும்

கியர் மாற்றுவதற்கு முன்னால் கியரிடம் சம்மதம் கேட்ட மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் மாரண்டஹள்ளியில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது; சில சமயம் அவருக்கே சட்டென்று பிடிபடாது. ஊருக்கு அவர் 'டபுள் கிளட்ச்'. எனக்கு டபுள் கிளட்ச் மாமா.

வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகத்தார் எல்லோரும் கிளட்சை ஒரு தடவை மிதிப்பார்கள், அடுத்த கியரைப் போடுவார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். மாமா அப்படியில்லை. கிளட்சை மிதிப்பார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். காலை எடுப்பார். தலையை லேசாகச் சாய்த்து இஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்பார். மறுபடி மிதிப்பார். அப்புறம்தான் அடுத்த கியர். அந்தக் காலத்து லாரிகளில் இப்படிச் செய்யாவிட்டால் கியரே விழாது. ஆனால் மாமா வைத்திருந்தது நம் காலத்து பிக்கப். மாரண்டஹள்ளித் தோட்டங்களில் தக்காளி ஏற்றிப் பாலக்கோடு மார்க்கெட்டில் இறக்குகிற சாதாரண வண்டி.

அப்போது நான் மெக்கானிக்கல் படிப்பை முடித்துவிட்டு, யாராவது சந்தேகம் கேட்க மாட்டார்களா என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கியர்பாக்ஸைக் குறுக்கே வெட்டி உள்ளே காட்டும் வீடியோக்கள் என் போனில் எப்போதும் தயாராக இருக்கும். மாமாவை மடக்கி நிறுத்தி, இந்தக் காலத்து கியர்பாக்ஸுக்குள் சின்க்ரோமெஷ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, வேகத்தை அதுவே சமன்செய்துகொள்ளும், நீங்கள் இரண்டு தடவை மிதிக்க வேண்டியதே இல்லை என்று வீடியோவோடு விளக்கினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"இருக்கட்டும் மாப்ள. வூட்டுக்குள்ள ஆள் இருக்குதுன்னு தெரிஞ்சாலும் கதவத் தட்டிட்டுத்தான போறோம்" என்றார்.

அத்தோடு என் பட்டப்படிப்பு முடிந்தது.

அவர் வண்டியில் இடம் கிடைப்பது மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதைவிடக் கஷ்டம். கேபினில் டிரைவரைத் தவிர இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். ஆனால் நடுவில் உட்காருகிறவரின் முட்டி கியர் கம்பியில் படக்கூடாது. அதனால் ஏறுவதற்கு முன்னால் எல்லோருடைய முட்டியையும் மாமா பார்வையிடுவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரில் இருப்பவர்களின் கால்களை அளவெடுத்துக்கொண்டிருப்பார். அந்நிய ஊர்க்காரர்கள் வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஒருமுறை தக்காளியின் சொந்தக்காரரையே, முட்டி பெரிது, மூன்றாவது கியருக்கு இடம் பத்தாது என்று சொல்லிப் பின்னால் பிளாஸ்டிக் கிரேட்டுகளின் மேல் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். என் அப்பாவுக்கு மட்டும் நடு சீட் நிரந்தரம். "உங்கப்பனுக்கு என்னா காலு மாப்ள, ஊதுவத்தி மாதிரி" என்று மனதார மெச்சுவார்.

நியூட்ரலில் நிற்கும் பழக்கம் வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாம்பாரிலிருந்து ரசத்துக்குப் போகும்போதும் மாமா நிற்பார். மல்லிகா அத்தை ரசக் கரண்டியைத் தூக்கியபடி சீரியலில் ஒரு காட்சியையே பார்த்து முடித்துவிடும். இதைவிடப் பெரிய நியூட்ரல் அவர்கள் கல்யாணத்தில் நடந்தது. அத்தையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கெட்டிமேளம் கொட்டுகிறது. மாமா தாலியை எடுத்து அத்தையின் கழுத்துவரைக்கும் கொண்டுபோனவர், அங்கேயே நின்றுவிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்துப் பிடித்து முகம் சிவந்துபோனார். மேளக்காரர் முறைத்தார். அத்தையின் அண்ணன்மார் இரண்டு பேர் சட்டைக் கையை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மாமா முடிச்சுப் போட்டார். ஏன் இப்படி என்று அத்தை அன்றைக்கே கேட்டிருக்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகிறோம், நடுவில் கொஞ்சம் நின்று போனால்தான் உள்ளே எதுவும் உடையாது என்றாராம்.

மாமாவின் பெருமையெல்லாம் ஒன்றுதான். அவருடைய கியர்பாக்ஸை யாரும் பிரித்ததில்லை. எங்கள் பக்கத்துப் பிக்கப்புகள் படுகிற பாடு தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். மண்பாதை, மேடு, அளவுக்கு மீறின லோடு. பையன்கள் ஒரு கையில் போன், இன்னொரு கையை கியர் கம்பியின் மேலேயே போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். கொஞ்ச காலத்தில் இரண்டாவது கியர் நிற்காமல் எகிறும். அப்புறம் பாஷா பாய் பட்டறைதான். பாய் பட்டறையில் எந்த நேரமும் ஏதாவது ஒரு கியர்பாக்ஸ் குடல் வேறு தலை வேறாகக் கிடக்கும். மாமா துக்க வீட்டுக்குப் போவதுபோலப் போய், பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். "நல்ல பொட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இரண்டு தடவை மிதிப்பதால் அவருடைய கிளட்ச் பிளேட் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் தேயும் என்பது வேறு விஷயம். அதை அவரிடம் பேசக் கூடாது. அதை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை முழுசாகக் கீழே இறக்கியாக வேண்டும். அந்த நாளில் மாமா வீட்டிலிருந்து போர்வை எடுத்துக்கொண்டு போவார். பூப்போட்ட போர்வை, அத்தையின் அம்மா வீட்டுச் சீர். கியர்பாக்ஸை அதன்மேல் படுக்கவைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பார். பாஷா பாய்க்கோ கை அரிக்கும். இத்தனை வருஷம் பிரிக்காத கியர்பாக்ஸ் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்துவிடத் தொழில்காரனுக்கு ஆசை இருக்காதா.

"ண்ணா, ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துட்டு மூடிடறேன். நல்லாத்தான் இருக்கும்."

"நல்லாருக்கறத எதுக்கு பாய் பாக்கணும்?"

இந்த உரையாடல் ஒவ்வொரு கிளட்ச் பிளேட்டுக்கும் ஒருமுறை நடக்கும். ஒரு எழுத்து மாறாது.

கியர் ஆயில் மாற்றினால் பழைய ஆயிலைக் கீழே ஊற்ற மாட்டார். கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெயிலில் காட்டி, இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்ப்பார். ஒரு துளி மின்னாது. அந்தப் பெருமையில் பாட்டிலை ஒரு வாரம் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிவார். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது எந்தப் பூவுத் தேன் என்று மரியாதையாக விசாரித்தார். மாமா மூடியைத் திறந்து நீட்டினார். மோந்து பார்த்த மனிதர் எதுவும் சொல்லாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். மாமாவுக்கு வருத்தம். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார்.

இப்படி இருந்தவருக்கு இடது முட்டி பிடித்துக்கொண்டது.

தர்மபுரியில் எலும்பு டாக்டரிடம் அப்பாவும் நானும் கூட்டிப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வலது முட்டி உங்களுடையது, இடது முட்டி உங்கள் அப்பாவுடையதா என்று கேட்டார். நான் கிளட்ச் விவகாரத்தை விளக்கினேன். ஊரார் ஒரு தடவை மிதிப்பதை இவர் ஆயுசு முழுக்க இரண்டு தடவை மிதித்திருக்கிறார் என்று டாக்டருக்குப் புரிந்ததும், அவரும் கொஞ்ச நேரம் நியூட்ரலில் நின்றார். இனிமேல் கிளட்ச் பக்கமே காலைக் கொண்டுபோகக் கூடாது, போனால் நடப்பதற்கும் கால் இருக்காது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

சேதி கேட்டு பாஷா பாய் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். முட்டியை நாலு பக்கமும் பார்த்தார். "ண்ணா, இதையாவது தொறந்து பாக்க வுடுவீங்களா?" என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு இது பெரிய விஷயம் என்று உறைத்தது.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பூனை ஒன்று பானெட்டின்மேல் குடிவந்தது. விற்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று எல்லோரும் சொன்னோம். மாமாவும் சரி என்றார். கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து முதல் ஆள் வந்தார். "நோடோண, நோடோண" என்று, பார்க்கலாம் பார்க்கலாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லியபடி உற்சாகத்தோடு ஏறி உட்கார்ந்தவர், இஞ்சினைக் கிளப்பி, கிளட்சைப் பாதி மிதித்து, ஒரே இழுப்பில் ரிவர்ஸைப் போட்டார். கியர்பாக்ஸிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டே போய்ச் சாவியை உருவிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாவது ஆள் நல்லவர்தான். கியர்பாக்ஸைப் பிரித்துக் காட்டினால் உடனே வாங்கிக்கொள்கிறேன் என்றார். பாஷா பாய் எங்கிருந்தோ ஸ்பானரோடு முளைத்துவிட்டார். மாமா இரண்டு பேரையும் சேர்த்தே வழியனுப்பினார்.

அத்தைக்குப் பொறுமை போயிற்று. "விக்கவும் மாட்டீங்க, ஓட்டவும் முடியாது. வண்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டட்டுங்களா?" என்றது. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது. எங்கள் தெருவில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண் அத்தைதான். லைசென்ஸ் வந்ததும் சாவியைக் கேட்டது. மாமா கொடுக்கவில்லை. அத்தை கேட்டுக்கொண்டேயிருந்தது. கடைசியில், தானும் பக்கத்தில் வருவதாக ஒப்பந்தம் போட்டுச் சாவியைக் கொடுத்தார்.

முதல் லோடு எங்கள் தோட்டத்துத் தக்காளி. நான் பின்னால் கிரேட்டுகளுக்கு நடுவில் கேபினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் பேசுவது அத்தனையும் ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. அத்தை நன்றாகவே ஓட்டியது. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு தடவை மிதித்தது, கியரைப் போட்டது, போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கியருக்கும் மாமா, யாரோ தன்னைக் கிள்ளியதுபோல இழுத்து மூச்சுவிட்டார். ஏரிக்கரை மேட்டில் அத்தை மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு தடவ மிதி மல்லிகா. பொட்டி போயிடும்."

"சத்தமே வரலீங்களே."

"சத்தம் வெளிய வராது. உள்ள வரும்."

அத்தை பிரேக்கை மிதித்து, இஞ்சினை நிறுத்தி, கைபிரேக்கையும் இழுத்தது. மேட்டின் நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது.

"உங்க முட்டி போனது பத்தாதுங்களா? என்னுதும் போவணுமா?"

பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர். இரண்டும் ஹாரனில் கையை வைத்துவிட்டன. நான் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தேன். மாமா அத்தையின் இடது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் முட்டியையெல்லாம் அளந்தவர், அந்த முட்டியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் வாழ்க்கையிலேயே நீளமான நியூட்ரல் அதுதான் என்று நினைக்கிறேன். பால் வண்டிக்காரர் இறங்கியே வந்துவிட்டார்.

பிறகு மாமா தன் வலது கையை எடுத்து கியர் கம்பியின்மேல் வைத்தார்.

"நீ கால மட்டும் பாத்துக்க. ஒரு தடவ மிதிச்சாப் போதும். கேரு எங்கிட்ட வுடு."

அன்றிலிருந்து அந்த வண்டியை இரண்டு பேர் ஓட்டினார்கள். ஸ்டீயரிங்கும் கிளட்சும் அத்தை, கியர் மாமா. போக்குவரத்து விதிகளில் இதற்கு இடமிருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அத்தை கிளட்சை மிதித்துவிட்டு "ம்" என்னும். மாமா கம்பியை மெதுவாக நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, கியரைப் போட்டுவிட்டு "ம்" என்பார். அத்தை காலை எடுக்கும். இரண்டு தடவை மிதிக்கிற பழக்கத்தை விட்டதில் கிளட்ச் பிளேட்டும் நீடித்து உழைக்க ஆரம்பித்தது. பாஷா பாய்க்குத்தான் அந்தப் போர்வையைப் பார்க்கிற வாய்ப்புகூடக் குறைந்துபோயிற்று. காலையில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய நாட்களில் மட்டும் தொல்லை. யார் முதலில் "ம்" சொல்வது என்ற வீம்பில், பாலக்கோடு வரைக்கும் வண்டி மூன்றாவது கியரிலேயே போகும்.

எனக்கு ஓசூரில் வேலை. போன வாரம் ஊருக்கு வரும்போது, மாரண்டஹள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தடையில் பஸ் நின்றது. எதிரே அந்தப் பிக்கப் தக்காளியோடு ஏறி இறங்கியது. அத்தை நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையெல்லாம் நரைத்துவிட்டது. பக்கத்தில் மாமா கியர் கம்பியில் கை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்திருந்தார். அத்தையின் உதடு அசைந்தது தெரிந்தது. மாமாவின் கை நகரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் டிரைவர் அதற்குள் கியரை அடித்துப்போட்டுப் பஸ்ஸை எடுத்துவிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிக்கப் மெல்ல வேகம் பிடித்துப் போனது. அது கண்ணுக்கு மறைகிற நேரத்தில், நானும் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி "ம்" என்றேன்.