கழுத்துக் கட்சியும் தலைக் கட்சியும்

பாறசாலை,
12.11.1998

அன்பு மகன் சத்தியராஜுக்கு, உன் பெரியப்பா சுவாமிதாஸ் கர்த்தருக்குள் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். இந்தக் கடிதத்திலும் பாதி எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே பார். உன் அப்பா கனகதாஸ் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நீ பயப்படாதே. அந்த வேலையை இங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொள்கிறோம். உன் கேம்புக்குப் போன் செய்தால் எடுக்கிறவன் அரபியில் ஏதோ திட்டிவிட்டு வைத்துவிடுகிறான். அதனால் சனிக்கிழமை விமானம் ஏறும் பொன்னப்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பக்கத்தில் நின்ற உன் அப்பாவின் இடது கையிலிருந்து பாட்டுப் புத்தகம் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. தூங்குகிறான் என்று நினைத்து முழங்கையால் ஓர் இடி கொடுத்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும், அது பக்கவாதமாம். டாக்சி பிடித்து ஓடினோம். புத்தி தெளிவாக இருக்கிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது, இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டாக்டர்கள் ரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஒன்று கழுத்தில், இன்னொன்று அதற்கு மேலே தலைக்குள். இப்போது வந்தது சின்ன அடிதான், இப்படியே விட்டால் அடுத்தது பெரிய அடியாக எந்த நாளும் வரலாம் என்றார்கள்.

வெட்டித் திறக்க வேண்டாமாம் மக்கா. தொடையில் ஊசி குத்தி, நூல் போன்ற குழாயை உள்ளேயே கழுத்துவரை ஓட்டி, நுனியில் உள்ள பலூனை ஊதி அடைப்பை விரிக்கிறார்கள். தேவைப்பட்டால் கம்பி வலைச் சுருள் ஒன்றையும் உள்ளே வைத்துவிடுவார்கள். நம் ஊர் மனுஷனின் தொடைக்கும் தலைக்கும் இப்படி ஒரு நேர்வழி உண்டு என்று எனக்கு இந்த அறுபத்துநாலு வயதில்தான் தெரிந்தது. அதோடு விட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போம். பெரிய டாக்டர் நல்ல மனுஷன், எல்லாவற்றையும் விளக்கினார். முதலில் கழுத்தைத் திறந்தால் தலைக்குப் போகும் பாதை எளிது, ஆனால் அங்கிருந்து துணுக்கு ஏதாவது மேலே போய் அடைக்கலாம். கழுத்து இடுக்கில் நுழைந்துபோய்த் தலையை முதலில் திறந்தால் மூளைக்குச் சீக்கிரம் ரத்தம் கிடைக்கும், ஆனால் அந்த இடுக்கில் நுழைவதே கஷ்டம். இரண்டு முறையும் உண்டு, ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார். இரண்டும் உண்டு என்ற பேச்சை நம் குடும்பத்தாரிடம் யாராவது சொல்லலாமா?

உன் அம்மா சரோஜம் கழுத்துக் கட்சி. "வாசல திறக்காம அடுக்களைக்குப் போவ ஒக்குமா?" என்கிறாள். உன் அத்தை ரத்னபாய் தலைக் கட்சி. "தலை போனா கழுத்த வச்சு என்ன செய்ய?" என்கிறாள். நானும் தலைக் கட்சிதான், ஆனால் அறிவோடு. முப்பத்தொரு வருஷம் நெய்யாற்றுக் கால்வாயில் ஷட்டர் திறந்து அடைத்தவன் நான். கடைமடையில் மண் கிடக்கும்போது மேலே திறந்துவிட்டால் கரை உடையும். ஒருமுறை அமரவிளைப் பக்கம் ஒருவனுடைய மரச்சீனிக் கிழங்கு முழுவதும் மிதந்து போனது எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் திறந்துவிட்டவனே நான்தான். இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்.

இதற்குள் உன் அம்மா நம் சபையில் ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாள், கழுத்து முதலில் திறக்க வேண்டுமென்று. ரத்னபாய் சும்மா இருப்பாளா, பெந்தெகொஸ்தே கூட்டத்தில் தலை முதலில் என்று உபவாசமே தொடங்கிவிட்டாள். கர்த்தர் யார் பேச்சைக் கேட்பார்? நாங்கள் கையெழுத்துப் போடவேண்டிய சம்மதப் படிவம் நான்கு நாளாக உன் அம்மாவின் பையில் கிடக்கிறது. வருகிற புதன்கிழமை உன் அப்பாவின் முறை. அது போனால் பிறகு எப்போது என்று தெரியாது, அடுத்த அடி அதுவரை காத்திருக்குமா என்றும் தெரியாது. எனக்கு ஒரே தம்பி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பஸ்ஸில் வரும்போது அழுகிறேன்.

உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் வாயுக் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறோம். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. நேற்றுகூட இரண்டு சபையாரும் கட்டிலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று, கழுத்தில் எண்பது சதவீதம், தலையில் எழுபது சதவீதம் என்று கணக்குச் சொல்லி உரக்க ஜெபித்தார்கள். அவன் பாவம், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் அறியாமல் ஆமென் சொன்னான்.

ஆகவே மகனே, கழுத்தா தலையா என்று நீயே முடிவுசெய்து, செவ்வாய்க்கிழமைக்குள் முக்கில் உள்ள பூத்துக்குப் போன் செய். நீ சொன்னால் இரண்டு பேரும் அடங்குவார்கள். கழுத்து என்று சொன்னால் எனக்கு வருத்தமில்லை, கால்வாயை நினைத்துக்கொள், அவ்வளவுதான். உன்னைக் காக்கிறவர் உறங்காமல் காப்பாராக. உன் அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பெரியப்பா,
சுவாமிதாஸ்

பின்குறிப்பு (19-ஆம் தேதி): பொன்னப்பனின் பயணம் நாளைக்குத் தள்ளிப்போனதால் கடிதம் என் கையிலேயே இருக்கிறது. மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை ஜெபத்தின் நடுவில் உன் அப்பா கண்ணைத் திறந்தான். "அண்ணே, ஜெபத்த ஒண்ணு நிறுத்தச் சொல்லும். அந்தப் பேப்பர இங்கோட்டு தாரும். எனக்கு ரெண்டு அடைப்பு உண்டுன்னு இந்த வார்டு முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாதாக்கும்?" என்றான். கொடுத்தோம். வலது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டான். நோயாளிக்குப் புத்தி இருக்கும்போது அவரிடமே ஏன் முதலில் கேட்கவில்லை என்று நர்ஸ் கேட்டாள்.

நேற்று முடிந்தது. கழுத்தைத் திறந்தார்களாம். ரத்தம் ஓடத் தொடங்கியதும் தலைக்குள் பார்த்தால் அங்கே ஓட்டம் போதுமான அளவு இருந்ததாம், அதை மருந்தாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உன் அம்மா ஜெயித்ததாகச் சொல்கிறாள். உபவாசத்தால் தலை தானாகத் திறந்தது என்று ரத்னபாய் சாட்சி சொல்லப் போகிறாள். நான் கால்வாயைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது உன் அப்பா, "நிங்க போட்ட சண்டையில எனக்குப் பயப்பட நேரமே கிட்டல்ல" என்று சிரித்தான். ஆனால் கதவுவரை என் கையை விடவில்லை. இன்னொன்று. "சத்தியராஜ வரச் சொல்லண்டாம், அவனுக்கு அங்க வேல உண்டு" என்றான். இன்று காலையில் சொன்னான், கஞ்சி குடிக்கும்போது சொன்னான், நான் கிளம்பும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தி மறுபடியும் சொன்னான். அதனால் உடனே லீவு போட்டுவிட்டு வா.