நாற்பத்து மூன்று சிவப்புச் சீட்டுகள்

குடைக் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் அப்பாவுக்கு உத்தியோகம். ஒரு நாளைக்கு நானூறு குடையை விரித்து மடக்குவார். கம்பி கோணலா, ஒட்டு சிவப்புச் சீட்டு. துணியில் சுருக்கமா, ஒட்டு சிவப்புச் சீட்டு. மிச்சச் சீட்டுகள் சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிடும். குளியலறைக் கதவில் ‘கீல் முனகுகிறது.’ உப்பு ஜாடியில் ‘மூடி தளர்ச்சி.’ ஒரு நாள் தூங்கி எழுந்தால் என் நெற்றியிலேயே ஒன்று: ‘ஏழு மணி தாண்டியும் திறக்கவில்லை.’

இதிலிருந்து தப்பிக்கத்தான் பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் கல்லூரிக்கு மனுப் போட்டேன், விடுதியோடு சேர்த்து. இடமும் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் அது விழாவிட்டால் என் இடம் வேறு யாருக்கோ.

“தாராளமாப் போகட்டும்! நான் என்ன அந்தக் காலத்து அப்பாவா?” என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். “வியாழக்கிழமை எல்லாருமாப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுவோம்.”

சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அவர் ரகசியம் பேசும் முறை அது. அவருடைய ரகசியம் மூணாவது வீடு வரைக்கும் கேட்கும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. அந்தப் பக்கம் போனில் கம்பெனி நண்பர்.

“நான் வேணாம்னு சொன்னா வில்லன் ஆயிடுவேன்ப்பா. அவளே வேணாம்னு சொல்லணும். நேர்ல கூட்டிட்டுப் போறேன். நான் ஒரு இடத்தைச் சுத்திப் பார்த்தா அந்த இடம் தாங்குமா சொல்லு?”

ஓடிப்போய் அம்மாவிடம் அப்படியே அப்பா குரலில் ஒப்பித்தேன். அம்மா பல் டாக்டரிடம் வரவேற்பாளர். அலறிக்கொண்டு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவராகவே ‘ஆ’ காட்டும்படி செய்வது அவள் தொழில். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“குழாயை மூடினாரா?”

“இல்லம்மா.”

“முதல்ல போய் அதை மூடு. அப்புறம் வேடிக்கையை மட்டும் பாரு.”

வியாழக்கிழமை வந்தது. கல்லூரி வாசலிலேயே எனக்கு முதல் அடி. விளம்பரத் தாளில் நீல ஏரி, அதில் அன்னம், கரையில் புத்தகம் படிக்கும் பெண். நேரில் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் ஒரு வாத்து. அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைக் காட்டியது.

“அடடா!” என்றார் அப்பா. புதையல் கிடைத்தவன்கூட அப்படிச் சொல்லமாட்டான். தொட்டியில் முதல் சீட்டு.

நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ பலகை. அதற்கு நேர் கீழே ஒருவர் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சீட்டு. வகுப்பறையில் மின்விசிறி காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்தது. மூன்று. விடுதி அறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடித்தது. கதவைச் சாத்தினால்தான் அலமாரி திறந்தது. ஒரே அறையில் நாலு சீட்டு!

அம்மா கையில் நோட்டு. “சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். இந்தக் குழாய் ஒழுகலா?”

“கசிவு. ஒழுகல் வேற, கசிவு வேற.”

“சரிங்க. கசிவு.”

இருபது தாண்டியதும் எனக்கும் அப்பாவின் கண் வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் கோணல். எத்தனை நாள் தலையணைக்கடியில் அந்த விளம்பரத் தாளை வைத்துத் தூங்கியிருப்பேன்! முப்பத்தொன்றாவது சீட்டில் உடைந்தே போனேன்.

“அப்பா… வீட்டுக்குப் போயிடலாமா?”

அப்பா ஜெயித்துவிட்டார். அந்த நிமிஷமே என்னை பஸ் ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் பாதிக் குடையைப் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிடுகிற ஆளா அவர்?

“அவசரப்படாத கண்ணு. இன்னும் மாடி பாக்கலையே!”

மாடி வராந்தாவில் வார்டன் குரல் இடியாக விழுந்தது. “யாருடி அது, ஜன்னல்ல துணி காயப்போட்டது?” நாலு பெண்கள் சிதறி ஓடினார்கள். பிறகு பார்த்தால் கதவோரத்தில் ஒல்லியாக ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குரல் அவளுடையது! என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கீழே கேட்டிருந்த வாட்ச்மேன் குரலில், “யாரும்மா அங்க, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டியா?” என்றேன். அவள் துள்ளிவிட்டாள். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தொட்டி, வாத்து எல்லாம் மறந்தே போனது. எனக்கு இந்த இடம் வேண்டும். இப்போதே வேண்டும்.

அப்பாவோ நாற்பத்து மூன்றாவது சீட்டைப் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒட்டிவிட்டு, “இனி இவ எப்படி வருவா?” என்கிற முகத்தோடு நின்றார்.

“ஏங்க, ஒரு மரியாதைக்கு முதல்வரைப் பார்த்துட்டுப் போயிடலாம்” என்றாள் அம்மா. உள்ளே போனதும் நோட்டை முதல்வர் மேஜையில் வைத்தாள். “இவர் பார்த்துச் சொன்னதுங்க. எல்லாம் இதுல இருக்கு.”

அப்பாவுக்கு வியர்த்தது. முதல்வர் நாற்பத்து மூன்றையும் படித்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், கசிவுன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் ஒழுகல்னுதான் எழுதுவாங்க. உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை!”

அப்பாவின் முகம் பொத்தானை அமுக்கிய குடை மாதிரி விரிந்தது. குறை சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

“பெற்றோர் பார்வைக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். தலைவர் பதவி காலி. மாசம் முதல் சனிக்கிழமை வந்து ஒரு சுத்து பார்த்தாப் போதும். ஆனா…” முதல்வர் பெருமூச்சு விட்டார். “பொண்ணு இங்க படிச்சாத்தான் குழுவுல இடம். நீங்க இன்னும் முடிவு பண்ணலைன்னு…”

“யார் சொன்னது? பேனாவைக் கொடும்மா!”

அம்மா நீட்டிய படிவத்தில் ஒரே கோடு. கையெழுத்து விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நானாப் பார்த்து எடுத்த முடிவு.”

“ஆமாங்க.”

“மாசத்துக்கு ஒரு தடவை பாப்பாவையும் பார்த்துக்கலாம்…” குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தக் குரலை மட்டும் நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

அவர் கண் அசந்ததும் அம்மாவின் காதருகே குனிந்தேன். “எப்படிம்மா?”

“போன வாரமே போன் பண்ணிட்டேன். ‘எங்க வீட்டுக்காரர் வருவார், குறை சொல்லுவார். கோவப்படாம ஒரு பதவி குடுத்துடுங்க’ன்னேன்.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அப்பா விழித்துக்கொண்டு, தன் கையெழுத்தை ரசிக்கப் படிவத்தின் நகலை எடுத்தார். அம்மாவின் குண்டு எழுத்தில் நிரப்பிய பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

“ஏம்மா, என் கையெழுத்துப் பக்கத்துல போன வாரத் தேதி இருக்கே?”

அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. துழாவியது. வெறுங்கையாக வெளியே வந்தது.

“என்னங்க,” என்றாள் அம்மா, “சீட்டு தீர்ந்துடுச்சா?”